இன்ஜின் இல்லாத சூடு

இன்ஜினைக் கழற்றித் தனி ஸ்டாண்டில் ஏற்றிப் பல வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் வண்டியின் பானெட்டில் சும்மா உள்ளங்கையை ஊன்றிய வைத்தீஸ்வரன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். சுட்டது.

வெயில் என்று சொல்ல வழியில்லை. பெங்களூர் ஆஸ்டின் டவுன் முழுக்கக் காலையிலிருந்து நசநசவென்று தூறல். ஓஸ்வால்டின் வீட்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்த ஷெட்டுக்குள் ஈரச் சாக்கு வாடையும், மண்ணெண்ணெயில் ஊறும் போல்ட்டுகளின் வாடையும் தவிர வேறொன்றும் இருக்க நியாயமில்லை. அவர் பானெட்டைக் கட்டியிருந்த தோல்வாரை அவிழ்த்து அதைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே வெறும் குழி. அந்தக் குழியிலிருந்து, இப்போதுதான் ஓடிவந்து நின்ற வண்டி விடும் மூச்சு மாதிரி, தீய்ந்த விளக்கெண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. அந்தக் காலத்துப் பந்தயக் கார்களுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த வண்டி ஓடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"ஓஸி, பக்கத்துல வெல்டிங் வச்சியா? சுடுதேடா."

ஓஸ்வால்ட் தரையில் உட்கார்ந்து, கம்பிச் சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டி, எது சுருதி குறைகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"காலைலேர்ந்து கரண்டே இல்ல மேன், வெல்டிங் எங்கேர்ந்து? அது அப்படித்தான். சாயங்காலமானா சூடாவும்."

சாயங்காலமானால் பால்காரர் வருவார் என்பதுபோல் சொன்னான்.

வைத்தீஸ்வரனுக்கு வந்திருக்க வேண்டியது பயம். வந்தது வயிற்றெரிச்சல். காரணம் உண்டு. நியாயப்படி அந்த வண்டி அவருடையது. ஜே.சி. ரோட்டுக்குப் பின்சந்தில் பழைய கார் சாமான் கடை வைத்திருந்த அவர்தான், அந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரின் வாலைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக அலைந்து, கடைசியில் சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக் கிடங்கில், சாக்குமூட்டைகளுக்கு அடியில் அதைக் கண்டுபிடித்தார். கண்டதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. முகத்தில் காட்டவில்லை. டயரை ஓர் உதை உதைத்து, "இது பேரீச்சம்பழத்துக்குக்கூடப் போகாது சார்" என்று தோட்ட முதலாளியிடம் சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் ஊறட்டும் என்று பெங்களூர் திரும்பினார். அந்தப் பெருமையை டீக்கடையில் ஓஸ்வால்டிடம் அளந்ததுதான் தப்பு. ஓஸ்வால்ட் மறுவாரமே லாரி எடுத்துக்கொண்டு போய், கேட்ட விலையைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

நண்பன் வாங்கியதையாவது ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். பேரமே பேசாமல் வாங்கினானே, அதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

வைத்தீஸ்வரனின் அப்பா ஓசூர்ச் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் கைவிட்டு, எதிராளியின் விரல்களைப் பிடித்து விலை சொல்லும் வித்தை மகனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. எத்தனை விரலைப் பிடிக்கிறாயோ அத்தனை. நூறா ஆயிரமா என்று வாய்விட்டுக் கேட்பவன் கத்துக்குட்டி. அது முகத்தைப் பார்த்தே தெரியவேண்டும். கடைசியில் உள்ளங்கையோடு உள்ளங்கை அழுந்தினால் வியாபாரம் முடிந்தது, பிறகு பெருமாளே வந்தாலும் மாற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை குஜரிச் சந்தையில் பழைய இரும்பு விற்பவர்களுக்கெல்லாம் இதைப் பழக்கியவர் அவர்தான். ஓஸ்வால்டுக்கு மட்டும் கூச்சம் தாங்காது. துண்டுக்குள் விரலைத் தொட்டாலே கெக்கெக்கென்று சிரித்து, "போதும் மேன், நீ கேட்டதை வாங்கிக்க" என்பான். அப்படிப்பட்டவனிடம் போய் அந்த வண்டி.

அதனால் 'உதவி' என்று பெயர் வைத்துக்கொண்டு தினம் சாயங்காலம் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். எங்காவது ஒரு தப்பு நடக்காதா என்று பார்க்க.

தப்பு நடக்கவில்லை. ஓஸ்வால்ட் பழைய ரேஸ் கிளப்காரர்களைத் தேடித்தேடிப் போய் விசாரித்தான். வண்டியின் புகைப்படம் ஒன்றைக் கண்டுபிடித்து ஷெட் சுவரில் ஒட்டினான். ஓட்டியவரின் பெயரும் கிடைத்தது.

"பெருமாள்சாமி. நம்ம தமிழு ஆளுதான்" என்றான். "பழைய ஏரோட்ரோம்ல நடந்த ரேஸு. வண்டி முதலாவதா வந்துச்சு. கோட்டைத் தாண்டி மெதுவா நின்னுச்சு. மாலையோட ஓடிப்போய்ப் பார்த்தா, ஆளு ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே போயிருக்காரு. டாக்டரு தொட்டுப் பார்த்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? ரெண்டு ரவுண்டு முன்னாடியே போயிட்டாருன்னாரு."

"அப்ப ரெண்டு ரவுண்டு யாரு ஓட்டினது?"

"அதான் மேன்" என்று ஓஸ்வால்ட் வண்டியைத் தட்டிக் கொடுத்தான், குதிரையைத் தட்டுவதுபோல.

இன்ஜின் சுற்றைக் காட்டும் ரெவ் மீட்டரின் பித்தளை வளையம் ஒன்று இல்லாமல் இருந்தது. வைத்தீஸ்வரன் முட்டி தேய குஜரிக் கடைகளில் குனிந்து தேடினார், கிடைத்தால் ஒளித்துவைக்கலாம் என்று. அந்த வாரமே ஓஸ்வால்ட் சிரித்துக்கொண்டு அதைக் காட்டினான். காலையில் கதவைத் திறந்தபோது வண்டியின் இருக்கையில் இருந்ததாம். துடைத்துப் பளபளவென்று.

"அவரு வச்சிருக்காரு."

வைத்தீஸ்வரன் வளையத்தைப் புரட்டிப் பார்த்தார். அசல். பித்தளை உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. பிடரியில் மயிர் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. கூடவே வயிற்றில் அந்த எரிச்சலும். வண்டிதான் அவனுக்குப் போயிற்று. பேயுமா?

ஒக்கலிபுரத்து மாடி வீட்டில் அவரும் மனைவி ரமாவும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. ரயில் போகும்போதெல்லாம் தட்டுகள் அதிரும் அந்த வீட்டில், அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னங்க, ஓஸ்வால்ட் அண்ணன் வண்டியில இன்னிக்கு என்ன புதுசா முளைச்சுது?" என்றாள் ரமா.

"அவனுக்கு ஒரு துணை கெடைச்சிருக்கு."

"ஐயோ, இந்த வயசுலயா? யாரு பொண்ணு?"

"பொண்ணு இல்ல. அதைவிட உசத்தி."

"நல்லாருக்கு போங்க. கட்டினவளை நிமிந்து பாக்க நேரமில்ல, ஊரான் துணையைப் பார்த்துப் பொருமல்." அவள் ரசத்தை ஊற்றினாள். "பொருமிப் பொருமி அல்சர் வந்தா நான்தான் மோர் கரைச்சுத் தரணும்."

வண்டி முழுமையாகிக்கொண்டே வந்தது. அலுமினியத் தகடுகளின் நெளிவு எடுத்தாயிற்று. தொண்ணூற்றேழின் மழைக்காலம் முடிந்ததும் பழைய கார்களின் ஊர்வலம். முதல் வண்டியாக ஓஸ்வால்ட் போவான், பேப்பரில் படம் வரும், படத்தில் வைத்தீஸ்வரன் இருக்கமாட்டார். ஷெட்டில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் காலி இருக்கையையே பார்த்தார். சில நாள் இருக்கையின் தோல் மெதுவாக அமுங்கும். மெதுவாக எழும். ஸ்பிரிங் முனகும். ஸ்டியரிங்கைத் தொட்டால் ஈரம்; வியர்வையின் உப்பு ஈரம். ஒருநாள் துணிந்து அந்த இருக்கையில் உட்காரப் போனார். நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்து நிறுத்தியதுபோல் இருந்தது. கோபமாக அல்ல. ஆளிருக்கும் இருக்கையில் உட்கார வருபவரைத் தடுப்பதுபோல, மரியாதையாக.

ஓஸ்வால்டை மட்டும் அது தடுப்பதில்லை. அவன் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்து பெடல்களைச் சரிபார்த்தான். அன்று ராத்திரி வைத்தீஸ்வரன் தூங்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் மழை கொட்டியது. சர்ச்சில் நவநாள் பூசை என்று ஓஸ்வால்ட் குடையை எடுத்தான். "வந்துடறேன் மேன். அவரோட பேசிட்டு இரு."

கேலியாகத்தான் சொன்னான். அவன் தெருமுனை திரும்பியிருப்பான், கரண்ட் போயிற்று.

கூரையில் மழை. வேறு எந்த ஓசையும் நுழைய முடியாதபடி மழை. ஷெட்டின் இருட்டில் வண்டியின் அலுமினிய முதுகு மட்டும் மங்கலாக, தண்ணீருக்குள் கிடக்கும் மீன் மாதிரி தெரிந்தது. விளக்கெண்ணெய் வாசனை பரவிப் பரவி நாக்கில் படிந்தது. ஸ்பிரிங் முனகியது. அமுங்கிய ஸ்பிரிங் எழவில்லை. யாரோ உட்கார்ந்தாயிற்று.

ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. இவ்வளவு கிட்டத்தில் சரக்கு இருக்கும்போது எழுந்து போவதா என்று வேறொன்று சொல்லிற்று.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வண்டியின் விளிம்பில் விரித்தார். வலதுகையை அடியில் விட்டார்.

"பெருமாள்சாமி சார்" என்றார். "அவனுக்கு உங்க அருமை தெரியாது. பேரம் பேசாம வாங்கினவன் சார் அவன். என்கூட வந்துடுங்க. விலையைச் சொல்லுங்க."

மழை.

துண்டு அசைந்தது.

ஒரு கை. தோலுறை போட்ட, எண்ணெய் ஊறிய, கொதிக்கும் கை. அது அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிற்று, தெரிந்தவன் தடவுவதுபோல. பிறகு ஒரே ஒரு விரலைப் பிடித்தது.

ஒன்று.

பயத்தின் நடுவிலும் உள்ளே ஒரு குஷி. ஒன்றுதானா! எத்தனை சொல்லியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பார். ஆனாலும் பழக்கம் விடுமா? விரலை மடக்கிப் பாதி என்றார். கை அந்த விரலை நிமிர்த்தி, மறுபடி முழுதாகப் பிடித்தது. எலும்பு நொறுங்கும் பிடி. ஒன்று. குறையாது.

வைத்தீஸ்வரன் உள்ளங்கையை அழுத்தினார்.

கை போயிற்று. வண்டியிலிருந்து டிக், டிக்கென்று ஓசை வந்தது, ஓடிய இன்ஜின் ஆறும்போது வருமே, அப்படி. அதுவும் நின்றது.

ஓஸ்வால்ட் மெழுகுவத்தியோடு வந்தான். பழக்கமாகப் பானெட்டில் கையை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. மெழுகு அவன் விரலில் வழிந்தது, அவன் கவனிக்கவில்லை.

"வைத்தி, என்ன பண்ணின?"

"நான் என்னடா பண்ணுவேன்?"

"ஜில்லுனு இருக்கு மேன்." அவன் குரல் உடைந்தது. "வெறும் தகரமா இருக்கு."

அந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை மாதம் வந்துபோனது. வைத்தீஸ்வரன் பார்த்தார், திருப்தியாக. பிறகு தன் ஃபியட்டை எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பினார்.

கதவைச் சாத்தியதும் இடதுபக்கத்து இருக்கை அமுங்கியது. விளக்கெண்ணெய் வாசனை. அவருக்குச் சிரிப்பு வந்தது. வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார், புது மாப்பிள்ளையைக் கூட்டிவருகிற மாமனார்போல. "இது ரிச்மண்ட் ரோடு சார், உங்க காலத்துல இவ்ளோ வண்டி இருந்திருக்காது. வீடு சின்னதுதான். ஆனா என்கிட்ட இருங்க. எங்கேயோ கொண்டுபோறேன் பாருங்க." இருக்கை ஒவ்வொரு வளைவிலும் அவர் பக்கம் சாய்ந்தது.

ஒக்கலிபுரம் ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரைக் கடந்து மேலே ஏறியபோது, வாசனை இல்லை. இருக்கை எழும்பியிருந்தது. காலி.

ஏமாற்றிவிட்டானா? பணமே வாங்காமல் சரக்கைக் கொடுத்தவன் அல்லவா?

பணமே வாங்காமல்.

வைத்தீஸ்வரன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். நனைந்துகொண்டு நின்றார். விரல் வலித்தது. ஒன்று. ஒன்றுக்கு ஒப்புக்கொண்டாயிற்று. உள்ளங்கை அழுத்தியாயிற்று.

ஒன்று என்ன? பேய்க்கு நூறும் ஆயிரமும் எதற்கு?

முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். முகம் எங்கே இருந்தது?

மாடியில் அவர் வீட்டு ஜன்னல் இருட்டாக இருந்தது. படியேறினார். முதல் படியிலேயே அந்த வாசனை. அவருக்கு முன்னால் ஏறிப்போன வாசனை.

"ரமா?"

கதவுக்கு உள்ளே ஓர் ஓசை. அடித்தொண்டையிலிருந்து வரும் ஓசை. உயர்ந்தது. ஒரு கணம் அறுந்தது. தாழ்ந்து மறுபடி உயர்ந்தது. கியர் மாறுவதுபோல.

"ரமா!"

கதவைத் தள்ளினார். கரண்ட் வந்தது.

ரமா கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களும் நேரே நீண்டிருந்தன. பாதங்கள் மாறிமாறி எதையோ மிதித்தன. கைகள் மார்புக்கு நேராக, ஒன்றுமே இல்லாத ஒரு வட்டத்தைப் பிடித்திருந்தன. முகம் முழுக்கப் புகைக்கரி. கண்களைச் சுற்றி மட்டும் இரண்டு வெள்ளை வட்டங்கள், அந்தக் காலத்துப் பந்தயக் கார் ஓட்டிகள் கண்ணை இறுக்கி மூடிய கண்ணாடியைக் கழற்றியதும் தெரியுமே, அப்படி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு அப்பால், வெகுதூரத்தில் வரும் ஒரு வளைவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவருக்கென்று ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு. அது ஏன் எனக்கில்லை என்று, அந்த நேரத்திலும், அவர் வயிறு எரிந்தது.

வளைவு வந்தது. அவள் கைகள் திரும்பின, உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. விசிறி ஓடவில்லை. காற்றே இல்லாத அந்தக் கூடத்தில், ரமாவின் கூந்தல் அவிழ்ந்து, பின்பக்கமாக, நேராகப் பறந்துகொண்டிருந்தது.