அப்பாவுக்கு ஐந்தே நாள்

கென்னாவுக்குப் போன மாதம்தான் பத்து வயது ஆனது. பத்து ஆனால்தான் ஊர்க் கோல்ஃப் திடலில் நடக்கும் பெற்றோர்–பிள்ளை போட்டியில் ஆட முடியும். ஜோடிக்கு ஒரே பந்து. மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒன்பது குழிகளையும் குறைந்த அடிகளில் முடிக்கும் ஜோடிக்கே வெற்றி. ஒரு வருஷமாக அவள் காத்திருந்த போட்டி, வரும் சனிக்கிழமை.

ஆனால் திங்கட்கிழமை காலையில், அவளோடு ஆடவிருந்த அம்மா மாடிப்படியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஆடுறேன்!" என்றார் அப்பா.

கென்னா வாயைப் பிளந்தாள். அப்பா அலஸ்டர் ரொட்டிக்கடைக்காரர். ஸ்காட்லாந்தில் பிறந்தும் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை.

அன்று மாலை திடலில் அப்பா ஓங்கி ஒரு வீச்சு வீசினார். பந்து அப்படியே இருந்தது. புல்லோடு ஒரு மண்கட்டி மட்டும் பறந்தது.

"கோல்ஃப் ஆடுறாரா, புல் வெட்டுறாரா?" என்று சிரித்தான் பக்கத்து வீட்டு கிரெகர்.

அப்பாவின் காது சிவந்தது. "வேணாம் கண்ணு. உன் மானத்தை வாங்கிடுவேன்."

"சும்மா இருங்கப்பா! இன்னும் அஞ்சு நாள் இருக்கு." கென்னா அவர் கைகளைப் பார்த்தாள். மட்டையை நெரித்துப் பிடித்திருந்தார். "இப்பதான் அடுப்புலேருந்து எடுத்த பன் மாதிரி பிடிங்க. நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது."

"அட, இது எனக்குத் தெரியுமே!"

முதல் நாள், பந்தைக் குழிக்குள் உருட்டுவது மட்டும். மறுநாள், முழங்கால் உயரத்துக்குச் சின்ன வீச்சு. புதன்கிழமை இடுப்பு வரை. வியாழக்கிழமை தோளுக்கு மேலே தூக்கி முழு வீச்சு. 'டக்!' பந்து கடற்காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

"போச்சு! பார்த்தியா? போச்சு!" அப்பா மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தார்.

"தலையைத் தூக்காம அடிச்சீங்கல்ல, அதான்!"

வெள்ளிக்கிழமை ஐம்பது முறை அதையே அடித்தார்.

சனிக்கிழமை. எட்டுக் குழிகள் முடிந்தன. கென்னா ஜோடியும் கிரெகர் ஜோடியும் சமம்! கடைசிக் குழியை கிரெகரும் அவன் அம்மாவும் நான்கு அடியில் முடித்தார்கள்.

கென்னா முதல் அடி அடித்தாள். காற்று பந்தைத் தள்ளிக்கொண்டு போய் மணல்குழிக்குள் போட்டது.

"ஐயோ, என் தப்பு!"

அடுத்த அடி அப்பாவுடையது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "கென்னா, மணல்ல அடிக்க நீ சொல்லித் தரவே இல்லையே!"

கென்னா மணலைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். "பந்தை அடிக்காதீங்கப்பா. பந்துக்குக் கொஞ்சம் பின்னாடி மணலை அடிங்க. ரொட்டிப் பலகை மேல மாவு அள்ளி வீசுவீங்கல்ல, அதே மாதிரி. மணலே பந்தைத் தூக்கிட்டுப் போயிடும்."

அப்பா மூச்சை இழுத்துவிட்டார். வீசினார்.

புஸ்ஸென்று மணல் பறந்தது. அதன் நடுவே பந்து மெல்ல எழும்பி, பச்சைப் புல்லில் விழுந்து உருண்டு, குழிக்கு ஆறடி தள்ளி நின்றது.

"மணல் உங்க மூக்குலயும் இருக்குப்பா!"

"இருக்கட்டும், நீ அடி!"

கென்னா குனிந்தாள். தட்டினாள். பந்து உருண்டது... விளிம்பில் தயங்கியது... உள்ளே விழுந்தது!

மூன்றே அடி!

கிரெகர்தான் முதலில் கைதட்டினான். "உங்க அப்பா கலக்கிட்டார்!"

பரிசுக் கோப்பை ஒரு டீக்கோப்பை உயரம்கூட இல்லை. கென்னா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். பக்கத்தில் அப்பாவைக் காணோம்.

மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதல் குழியை நோக்கி அவர் ஏற்கெனவே பாதித் தூரம் போயிருந்தார்.

"சீக்கிரம் வா கண்ணு! இருட்ட இன்னும் நேரம் இருக்கு!"

கென்னா ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.