காலி வாலில் பன்னிரண்டு கிலோ

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ராயபுரத்தில் வலைக்கடை மாடியிலிருந்த ஜெமிமாவின் அலுவலகத்துக்குள் எழில்மொழி வந்து நின்றாள். கையில் ஒரு நோட்டு. அழுது முடித்த முகம்.

ஜெமிமா, துறைமுகத்துக்கு வரும் சரக்கில் சேதமோ குறைவோ இருந்தால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் சர்வேயர். அவருடைய காரை ஓட்டுபவர் தப்ரேஸ். தன்னை டிரைவர் என்று சொல்லிக்கொள்வதைவிடத் துப்பறிவாளர் என்று நினைத்துக்கொள்வதில்தான் தப்ரேஸுக்குத் திருப்தி அதிகம். வந்தவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கதவோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, என் ஏரோபிளேன்ல யாரோ கை வச்சிருக்காங்க," என்றாள் எழில்.

தப்ரேஸ் ஸ்டூலோடு ஓரடி முன்னால் நகர்ந்தார்.

எழில் வியாசர்பாடிப் பெண். விமானப் பொறியியல் படித்தவள். நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைத் தானே வரைந்து, திருவொற்றியூர் கோடவுன் ஒன்றில் ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை அதிகாரிகள் வந்து எடை பார்ப்பதாக இருந்தது. எடை சரியாக இருந்தால்தான் பறக்க அனுமதி.

"பதினோரு நாளைக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை எடை போட்டேன். அறுநூத்திப் பன்னெண்டு கிலோ. இன்னிக்குக் காலைல அறுநூத்தி இருபத்திநாலு. நடுவுல ஒரு ஸ்க்ரூகூட மாட்டல."

"பன்னெண்டு கிலோ அரிசி மூட்டைல பாதிகூட இல்லியேம்மா," என்றார் தப்ரேஸ்.

"இது மொத்தமே ஆயிரம் கிலோதான் தூக்கும் பாய். நாலு பேருக்கு முந்நூறு போனா, பெட்ரோலுக்கு எண்பத்தெட்டுதான் மிச்சம். பன்னெண்டு கிலோ கூடினா பதினாறு லிட்டர் கொறைக்கணும். அரை மணி நேரம் பறக்கறது போச்சு. அதுகூடப் பரவால்ல..." அவள் நோட்டைத் திறந்து நீட்டினாள்.

மூன்று சக்கரங்களுக்கும் தனித்தனித் தராசு. முன்பு முன்சக்கரத்தில் 132, பின்சக்கரங்களில் 240, 240. இன்றைக்கு முன்னால் 112, பின்னால் 256, 256.

"மொத்தம் கூடிக்கீது, முன்னால மட்டும் எப்டி இருபது கிலோ கொறையும்?" தப்ரேஸ் எட்டிப் பார்த்தார்.

"லாரில சரக்கைப் பின்சக்கரத்துக்கும் பின்னால தள்ளி ஏத்தினா முன்பக்கம் தூக்குமில்ல பாய், அதுதான்," என்றார் ஜெமிமா. "சக்கரங்களுக்கு நடுவுல எத்தனை அடி எழில்?"

"ஆறு. இருபது கிலோவை ஆறால பெருக்கினா நூத்தி இருபது. அதைப் பன்னெண்டால வகுத்தா பத்து. பின்சக்கரத்துலேர்ந்து பத்தடி பின்னால, வாலுக்குள்ள இருக்கணும். மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன்க்கா. வெள்ளைப் பெயிண்டு பளபளன்னு இருக்கு. ஒண்ணுமே இல்ல, காலி. ஆனா இந்தக் கனத்தோட பறந்தா மூக்கு தானா மேல போகும். இறக்கையில காத்து நிக்காது. அப்படியே விழுந்துடும்."

ஜெமிமா நோட்டை மூடி அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"யார்மேல சந்தேகம்?"

எழில் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆன்றோ." கல்லூரித் தோழன், தொழிலில் பங்காளி. தூத்துக்குடிக் குடும்பம், வண்ணாரப்பேட்டையில் மொத்தக் கடை. வெளியூர் கம்பெனி ஒன்று விமானத்தின் வரைபடங்களை விலைக்குக் கேட்டபோது, கொடுத்துவிடலாம் என்று சொன்னவன் அவன்தான். எடையில் தோற்றால் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. "இங்கேர்ந்து நேரா போலீசுக்குப் போகப்போறேன்."

"ஒரு மதியம் பொறுங்க. சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"ஓட்டிப் பாக்கப்போற பைலட் டென்னிஸ். உடம்பு முழுக்க ஃபைபர்ல செஞ்சு குடுத்த ஹென்றி அண்ணன். காசிமேட்டுல போட் கட்டுறவர்."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"பன்னெண்டு கிலோ கூடியிருக்குன்னு மட்டும் போன்ல சொன்னேன். முன்னால கொறைஞ்சதையோ வாலையோ பத்திப் பேசவே இல்ல."

போகும் வழியெல்லாம் தப்ரேஸ் தன் முடிவைச் சொல்லிக்கொண்டே வந்தார். "தங்கம் மேடம். வால்ல தகடு அட்ச்சி மேல பெயிண்டு பூசிட்டானுங்கோ." ஜெமிமா மறுக்கவில்லை, சிரித்தார்.

கோடவுனில் விமானம் வெள்ளைக் கொக்குபோல நின்றது. எஞ்சின் பக்கம் வேலை செய்த ஆன்றோவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அங்கிருந்த ஒரே பெரிய மின்விசிறி, யாருமில்லாத பின்மூலையில் வாலைப் பார்த்து நின்றது. தப்ரேஸ் அதை இழுத்து ஆன்றோ பக்கம் திருப்பிவிட்டார். டென்னிஸும் ஹென்றியும் வந்து சேர்ந்தார்கள்.

"பன்னெண்டு கிலோ எங்கே இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று பொதுவாகக் கேட்டார் ஜெமிமா.

"எஞ்சின் பக்கம் பாருங்கக்கா. நான் ஒண்ணும் மாத்தல, சத்தியமா சொல்லுதேன்," என்றான் ஆன்றோ. எழில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீட்டுக்கு அடியில தேடினீங்களா? ஏதாவது டூல்ஸ் கிடக்கும்," என்றான் டென்னிஸ்.

ஹென்றி தேங்காயெண்ணெய் பூசிய முழங்கையைச் சொறிந்தபடி நின்றார். "இத்தினிக்கோண்டு விசயத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? பின்னால பன்னெண்டு கிலோ இர்ந்தா பிளேனு பறக்காதா?"

"உங்க வேலை எப்போ முடிஞ்சுதுண்ணே?"

"ஃபைபரு வேலை முடிஞ்சி ஒரு மாசம் ஆவுது."

ஜெமிமா பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். படகுகளைச் சோதிக்கும் சர்வேயர்கள் செய்வதுபோல, விமானத்தின் உடம்பைத் தட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். டிங், டிங் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பின்சக்கரத்தைத் தாண்டிப் பத்தாவது அடியில் அது மாறியது. டொக்.

"வாலுக்குள்ள பொருள் எதுவும் இல்ல. வாலே கனத்துப்போச்சு," என்றார் ஜெமிமா. "உள்பக்கமா நாலஞ்சு அடுக்கு ஃபைபர் ஒட்டி, மேல அதே வெள்ளை அடிச்சிருக்கு. ஒட்டினது சீக்கிரம் காயணும்னுதான் விசிறி இந்த மூலைக்கு வந்தது. ஃபைபர் தூசி பட்டா கை அரிக்கும். ஒரு மாசத்துக்கு முன்னால முடிஞ்ச வேலைக்கு இன்னிக்கு அரிக்காது. கூடின எடை எந்தப் பக்கம்னு நான் யார்கிட்டயும் சொல்லல, எழிலும் சொல்லல. 'பின்னால'ன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான் ஹென்றிண்ணே."

ஹென்றி சொறிவதை நிறுத்தினார். தப்ரேஸ் வாசலை மறித்து நின்றார். ஓடும் எண்ணம் ஹென்றிக்கு இருப்பதாகவே தெரியவில்லை.

"நாந்தான். ரெண்டு ஞாயித்துக்கெயம, சர்ச்சுல மொதப் பூச முட்ச்சிகினு நேரா இங்க வந்து ஒட்னேன்." ஹென்றி டென்னிஸைக் கைகாட்டினார். "இந்த டென்னிசு வாலைக் கட்டவெரலால அமுக்குனான், தகரடப்பா மாரி உள்ள போச்சி எழிலு. மெல்லிசா கட்ன போட்டு ஒண்ணு எண்ணூராண்ட பின்பக்கம் பொளந்து, ரெண்டு மணி நேரம் கேனைப் புட்ச்சிகினு கடல்ல கெடந்தவன் நானு. கடல்லயாவது நீஞ்சலாம். அங்க மேல இன்னா பண்ணுவே? உன்கிட்ட கேட்டா எடை எடைன்னுவே. அதான் சொல்லல."

எழில் கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தாள். பிறகு அவர் அருகில் போய், கனத்த வால் என்ன செய்யும் என்பதை உள்ளங்கையை விமானமாக்கிக் காட்டினாள். மூக்கு மேலே போனது, கை சரிந்து விழுந்தது. ஹென்றியின் முகம் வெளுத்தது.

"ஐயோ, நானே உன்ன..."

"தப்பு என்மேலயும்தான்ணா. நீங்க செஞ்ச வாலை லேப்ல மூட்டை ஏத்தி டெஸ்ட் பண்ணப்ப உங்களைக் கூப்புடவே இல்ல. இப்ப காட்டுறேன்."

சோதனைக்காக முதலில் செய்த மெல்லிய வால் சுவரோரம் கிடந்தது. அதை இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் குறுக்கே வைத்தார்கள். டென்னிஸ் ஏறினான், ஆன்றோ ஏறினான், அல்லாவைக் கூப்பிட்டபடி தப்ரேஸும் ஏறினார். கடைசியில் ஹென்றி ஏறினார். வால் வில்லாக வளைந்தது. ஒரு சின்ன விரிசல் சத்தம்கூட இல்லை. இறங்கியதும் அது பழையபடி நிமிர்ந்தது. ஹென்றி அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

எழில் ஆன்றோவிடம் போனாள். "உன்மேலதான் சந்தேகப்பட்டேன்."

"தெரியும். இங்க வந்ததும் எல்லாருக்கும் டீ சொன்ன, எனக்குச் சொல்லல."

"ஸாரிடா."

"இப்பச் சொல்லு. பன்னோட."

எடை பார்க்கும் நாள் பத்து நாள் தள்ளிப்போனது. ஹென்றி அச்சை எடுத்துப் புது வால் செய்தார். ஃபைபரை ஒட்டும் ரெசினைப் பிழிந்து வழித்து, ஒரு சொட்டுகூட அதிகமில்லாமல் ஒட்டினார். எடை பார்க்கிற அன்றைக்குத் தப்ரேஸ் ஜெமிமாவிடம் காருக்குச் சர்வீஸ் என்று பொய் சொல்லிக் கிளம்பினார். கோடவுனில் அவருக்கு முன்பே வந்து நின்றார் ஜெமிமா.

முன்னால் 137. பின்னால் 236, 236. அதிகாரி கூட்டி எழுதினார்: 609.

"மூணு கிலோ கொறைச்சிக்கீறேன்," என்றார் ஹென்றி. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "நாலு லிட்டரு பெட்ரோலு ஆச்சே. அதுக்கு எனுக்கு ஒரு ஜன்னலோர சீட்டு குடுப்பியா?"

எழில் விமானத்தைத் திரும்பிப் பார்த்தாள், சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுல எல்லாமே ஜன்னலோர சீட்டுதான்ணா."