காசு மேசைக்கு மேலே நாலு கண்ணாடி

மயில்வாகனம் மாமா எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். பூசணிக்காய் என்றாலும் சரி, பூட்டு என்றாலும் சரி.

"கனம் இருந்தாத்தான் சாமான். மற்றதெல்லாம் பூச்சு" என்பார்.

பழக்கம் அப்படி. புங்குடுதீவில் பிறந்தவர், மீசை முளைக்கும் முன்பே பதுளைக்குப் போய்ச் சொந்தக்காரர் ஒருவரின் கடையில் மூட்டை சுமந்தார். பிறகு அந்தக் கடைக்கே முதலாளி ஆனார். பக்கத்தில் பெரிய சுப்பர்மாக்கெட் வந்தது. கடை படுத்துவிட்டது. ஒரு சூட்கேசோடும் தேய்ந்த முதுகோடும் புங்குடுதீவு மடத்துவெளியில் இருக்கும் தங்கை சுலோஜனா வீட்டுக்கே திரும்பி வந்தார்.

சுலோஜனாவின் மகள் கஜனி ஆறாம் வகுப்பு. மாமாவின் பதுளைக் கதைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்பாள். சொல்லும்போது மாமாவின் முதுகு நிமிர்வதை அவள் கவனித்திருக்கிறாள்.

இப்போது மாமா கொம்பியூட்டரில் வியாபாரம் செய்தார். கம்பனிப் பங்குகளை வாங்குவார், விலை ஏறினால் விற்பார். ஆனால் இருந்தது ஒரே திரை. ஒரு விலையைப் பார்ப்பதற்குள் மற்றது விழுந்துவிடும்.

"ஒரு கண்ணாலை கடை நடத்தேலாது" என்று சலித்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் மூடிய ஒரு கம்பனிக் கந்தோரில் இருந்து நாலு பழைய மொனிற்றர்கள் கிடைத்தன. நாலிலும் படம் வர ஒரு கிராபிக்ஸ் கார்ட் வேண்டும்.

"இதுவும் சரிவராட்டி நான் கொழும்புக்குப் போறன். சிவக்கொழுந்தற்றை கடையிலை ஆள் தேடுகினம்."

"மூட்டை தூக்கவோ? உங்கடை முதுகு என்னத்துக்கு ஆகும், அண்ணை?" என்றாள் அம்மா.

"முதுகும் என்னோடைதான் வரும்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒழுங்கையில் பாதிப் பேர் ஏற்கெனவே ஊரை விட்டுப் போய், வீடுகள் பூட்டித்தான் கிடந்தன. மாமாவின் சூட்கேஸ் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. போகும்போதும் வரும்போதும் கஜனி அதைக் காலால் உள்பக்கம் தள்ளிவிடுவாள்.

சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனார்கள். கடையில் நின்ற ஜெனீற்றா அக்கா இரண்டு கார்ட்களை மேசையில் வைத்தார். ஒன்று செங்கல் அளவு. மூன்று காற்றாடிகள். மற்றது பிஸ்கற் பெட்டி போல மெலிந்தது.

மாமா பெரியதைத் தூக்கினார். முகம் மலர்ந்தது. "இது சாமான்!"

சின்னதைத் தூக்கினார். "இதென்ன, பப்படமோ?"

கஜனி மெல்லக் கேட்டாள். "அக்கா, பெரிசு என்ன செய்யும்?"

"கார் ஓடுற விளையாட்டு, சண்டை விளையாட்டு எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். கறண்டும் நல்லாக் குடிக்கும்."

"எங்கடை பக்கம் அடிக்கடி கறண்ட் நிக்கும். அந்த நேரம் கொம்பியூட்டருக்கு ஒரு சின்னப் பற்றரிப் பெட்டிதான் கிடக்கு."

"அப்ப அது கனநேரம் தாங்காது. இந்தச் சின்னன் விளையாட்டுக்குச் சரிவராது. ஆனா நாலு மொனிற்றருக்கும் படம் குடுக்கும். கறண்டும் கொஞ்சம் போதும்."

மாமாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. "பெரிசையே கட்டுங்கோ, பிள்ளை."

முதலாளியாக இருந்தவரை நாலு பேர் முன்னால் பிழை என்று எப்படிச் சொல்வது? கஜனி அவருடைய சேட்டு நுனியை இழுத்தாள்.

"மாமா, பதுளைக் கடையிலை முதல்முதல் என்ன கண்ணாடி வாங்கினனீங்கள்?"

"இந்த இடத்திலையோ உனக்குக் கதை?"

"சொல்லுங்கோவன்."

கேட்டால் மாமாவால் சொல்லாமல் இருக்க முடியாது. "ஒரு சலூன் மூடேக்கை வாங்கினனான். ஆளுயரம். ரெண்டு பேர் தூக்கினது, என்ன கனம்! காசு மேசைக்கு முன்னாலை நிப்பாட்டினன்."

"அதிலை என்ன தெரிஞ்சது?"

"என்ரை வண்டிதான்" என்று மாமா தன் தொந்தியைத் தட்டினார்.

ஜெனீற்றா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிறகு?"

"பிறகு அதை வித்துப்போட்டு, மேசைக்கு மேலை சின்னன் சின்னனா நாலு கண்ணாடி. தராசுக்கு ஒண்டு, அரிசி மூட்டைக்கு ஒண்டு, பின்கதவுக்கு ஒண்டு, றோட்டுக்கு ஒண்டு. ஆள் படியிலை கால் வைக்க முந்தியே 'வாங்கோ, வாங்கோ, என்ன வேணும்?' எண்டு கூப்பிடுவன். இருந்த இடத்திலை இருந்து முழுக் கடையும்..."

மாமா நிறுத்தினார். கையில் இருந்த செங்கலைப் பார்த்தார். மேசையில் கிடந்த பப்படத்தைப் பார்த்தார்.

"எடியே, நான் திரும்பவும் என்ரை வண்டியைப் பாக்கவோ வெளிக்கிட்டனான்?"

"உங்கடை திரையிலை ஓடுறது கோடுதானே, மாமா. கார் இல்லையே" என்றாள் கஜனி.

ஜெனீற்றா அக்கா கேட்டார். "மொனிற்றர்களுக்குப் பின்னாலை வயர் செருக என்ன மாதிரித் துளை எண்டு தெரியுமோ?"

கஜனி கைபேசியை நீட்டினாள். நாலு மொனிற்றர்களின் முதுகையும் படம் எடுத்து வந்திருந்தாள். சின்னக் கார்ட்டோடு அவற்றுக்குப் பொருத்தமான வயர்களும் பைக்குள் ஏறின. பஸ்ஸில் மாமா அந்தப் பையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு கனமும் இல்லை" என்றார், பாதிச் சந்தேகத்தோடு.

திங்கட்கிழமை மத்தியானம் தீவு முழுக்கக் கறண்ட் நின்றது. பள்ளிக்கூடம் விட்டதும் கஜனி ஓடி வந்தாள். கையை வாசல் படலையில் வைக்கவில்லை, அதற்குள் உள்ளே இருந்து குரல் கேட்டது.

"வாங்கோ, வாங்கோ, என்ன வேணும்?"

உள்ளே மின்விசிறி ஓடவில்லை. மாமா வியர்வையில் குளித்திருந்தார். அவருக்கு முன்னால் நாலு திரைகளும் பற்றரியில் பளிச்சென்று எரிந்தன. மூன்றில் பச்சைக் கோடும் சிவப்புக் கோடும். நாலாவதில் அவர்களுடைய படலை. யன்னலில் கட்டிய பழைய கைபேசி அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

நாலாவது திரைக்கு உயரம் போதவில்லை போலும். அதற்கு அடியில் மாமாவின் சூட்கேஸ் படுத்திருந்தது.

கஜனி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது திரையில் ஏதோ அசைந்தது. அவள் திறந்துவிட்டு வந்த படலைக்குள் ஒரு மாடு தலையை நுழைத்தது.

"மாமா, அடுத்த ஆள் வந்திட்டார்!"

மாமா பச்சைக் கோட்டில் இருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"தவிடு முடிஞ்சுது, நாளைக்கு வரச் சொல்லு."