பூசை போட்ட மிஷின்

“ஐயோ... தொரை!”

கூட்ட வந்த பாஞ்சாலியின் அலறலில் திண்டிவனத்து எண்ணெய் மில் அதிர்ந்தது!

1936. ஆயுத பூசைக்கு மறுநாள் காலை.

போன வருஷம் வாங்கிய மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைச் செய்து அனுப்பிய ஹாம்பர்க் கம்பெனியின் இன்ஜினீயர் ஹார்ட்மன் துரை பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். பிளந்த மண்டை... அருகே ரத்தம் தோய்ந்த ஒரு ஸ்பேனர்!

ஃபிட்டர் சவுரிராயன் பாய்ந்து போய் லீவரை இழுத்து இன்ஜினை நிறுத்தினான்.

அதுதான் அவன் செய்த தப்பு!

“பாத்தீங்களா மொதலாளி! லீவர்ல அவன் கை!” என்று கத்தினார் மேனேஜர் சீனுவாசன்.

அரை மணியில் சப்-இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் வந்துவிட்டார். நெற்றியில் பளிச்சென்று நாமம். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

“நேத்து ஆயுதங்களை மிஷின் மேலயே வெச்சுப் படைச்சோம்ங்க,” என்றார் முதலாளி சுப்பராயலு. “மறுபூசை பண்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

“அப்போ ஓட்டுனது யாரு?”

சீனுவாசன் முந்திக்கொண்டார். “நம்ம ஆளுங்க தொடுவாங்களா? சர்ச்சுக்குப் போற இந்த வேதக்காரன்தான் ஓட்டியிருக்கான்! மேல இருந்த ஸ்பேனர் எகிறித் தொரை மண்டையில...”

“இவனுக்கும் தொரைக்கும் என்னா பகை?”

“நேத்து ஒரு புஷ்ஷைக் கழட்டி, இவன் காலடியில வீசிக் கத்துனாரு. இருபது பேரு பாத்தாங்க!”

உண்மைதான். தேய்ந்த பித்தளை புஷ், மிஷின் தண்டு சுழலும் வளையம். துரை என்ன கத்தினார் என்பதுதான் சவுரிராயனுக்குப் புரியவில்லை.

“ஒரு வருஷமா இதே பேஜாருங்க,” என்றார் சுப்பராயலு. “சீமையிலேருந்து வர்ற புஷ் மாசத்துக்கு ஒண்ணு தேஞ்சு பூடுது. கேட்டா, ஓட்டத் தெரியலன்னு நம்ம மேலயே லெட்டர் வருதாம். மேனேஜர்தான் படிச்சுச் சொல்வாரு.”

“தொரைகிட்ட நீங்க நேர்ல பேசலியா, மொதலாளி?”

“அவரு இங்கிலீஷ்ல என்னாவோ கேப்பாரு. மரியாதைக்குத் தலையாட்டுவேன். உடனே மூஞ்சி செவந்து பூடும்!”

சவுரிராயனுக்கு விலங்கு மாட்டினார்கள். கொலைக் கேஸ்... தூக்கு! வீட்டில் மனைவி ஜெயம் நிறைமாதம். பிள்ளை முகம் பார்ப்பானா?

கண்கள் தரையில் அலைந்தன. சிதறிக் கிடந்த சுத்தியல்... உளி... குறடு...

திடுக்கிட்டான்!

“மொதலாளி! ஆயுதத்துக்கெல்லாம் விபூதி வெச்சது யாருங்க?”

“நான்தான்டா. என் கையால பட்டை போட்டேன்.”

“எல்லாத்துலயும் பட்டை இருக்குது. இந்த ஸ்பேனர்ல மட்டும் நாமம் இருக்குதுங்களே! அதுவும்... ரத்தத்துக்கு மேல!”

அரங்கநாதனின் கை தன் நெற்றிக்குப் போனது.

“ஐயையோ, உங்களைச் சொல்லலீங்க!”

அந்த மில்லில் நாமம் தரிப்பவர் ஒருவர்தான். தினமும் விடிந்ததும் நாமம் இழுத்துப் பழகிய விரல். அடித்துக் கொன்று, மிஷினையும் ஓடவிட்டு, ஸ்பேனர் பூசையில் இருந்ததுபோலக் காட்ட அவசரமாக விபூதியைக் குழைத்தபோதும் அது நெட்டுக்குத்தாகவே இழுத்துவிட்டது!

சீனுவாசன் ஓடினார். வாசலைத் தாண்டுமுன் கான்ஸ்டபிள் அமுக்கிவிட்டார். விலங்கு கை மாறியது.

துரை தங்கிய அறையில், முதலாளிக்கு அவர் பாதி அடித்த கடிதம் டைப்ரைட்டரிலேயே இருந்தது. அரங்கநாதன் தமிழில் படித்தார்.

“மிஷின்ல இருக்கற புஷ் எங்களுது இல்ல. நாங்க அனுப்புனதை உங்க மேனேஜர் வெளியில வித்துட்டு மட்டமான வார்ப்பை மாட்டிக்கினு வர்றாரு. மூணு தரம் உங்ககிட்டச் சொன்னேன். மூணு தரமும் தலையாட்டுனீங்க. நீங்களும் கூட்டுன்னு நெனைச்சேன். இன்னிக்கு நான் கத்துனது அந்தப் புஷ்ஷைப் பாத்து. உங்க ஃபிட்டர் நல்ல வேலைக்காரன்...”

சவுரிராயன் உடைந்து அழுதான். நேற்றெல்லாம் அந்த மனுஷனைத்தான் மனதுக்குள் திட்டித் தீர்த்திருந்தான்.

சுப்பராயலுவுக்கோ வேறு கவலை. “ஹாம்பர்க்குக்கு இப்போ யாருங்க எழுதறது? இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு அந்த மேனேஜர் ஒருத்தன்தான்!”

“அவனே எழுதட்டும்,” என்றார் அரங்கநாதன், தொப்பியை மாட்டிக்கொண்டே. “ஜெயில்ல பேப்பர், பேனா எல்லாம் தருவாங்க... ஆனா இந்த வாட்டி நான் படிச்சுட்டுத்தான் தபால்ல போடுவேன்!”