மூன்றாவது பார்க்கலாம்

காலை ஒன்பது மணிக்குச் சுவரிலிருந்த ஒற்றைத்திரை விழித்துக்கொண்டு, மிகப் பணிவாகக் கேட்டது: "பிலோமினா அம்மாளின் மூச்சுப்பொறியை நிறுத்திவிடலாமா?"

கீழே இரண்டு பொத்தான்கள். சரி. பார்க்கலாம்.

அவள் கணவர் அருளப்பன் வழக்கம்போல் 'பார்க்கலாம்' பக்கம் விரலைக் கொண்டுபோனார்.

"சார், தொடாதீங்க!" மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் எஸ்தர் கத்தினாள். "முந்தாநாள் ஒண்ணு, நேத்து ஒண்ணு. இது மூணாவது."

"அதனால என்ன?"

"மூணு பார்க்கலாம் ஒரு சரி. ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன, அந்த விதியை எழுதியவரே அவர்தான். என்ன, அதைப் பிறத்தியாருக்காக எழுதியிருந்தார். பதவியில் இருந்தவரை அவருக்குப் பொத்தான் அமுக்கித்தர ஓர் உதவியாளர் இருந்தார்.

மாநிலத்தின் முதல் தலைமை எளிமையாளர் அருளப்பன். பட்டா, ரேஷன், கல்யாணத் தரகு, ஆஸ்பத்திரி என எல்லாவற்றையும் ஒரே திரையில் அடக்கியவர். நாலாயிரம் பேரை உட்காரவைத்துச் சோதித்ததில், 'இல்லை'யை அமுக்குவதற்குள் நம் ஆட்கள் நாலு விநாடி நெளிகிறார்கள் என்று கண்டுபிடித்தார். நெளிவு என்பது வடிவமைப்பின் தோல்வி. எனவே 'இல்லை'யைத் தூக்கிவிட்டு, முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல முடியாதபோது நாம் சொல்லும் சொல்லையே அந்த இடத்தில் வைத்தார். ஜனங்கள் குஷியாக அமுக்கினார்கள்.

அதோடு விட்டிருந்தால் புண்ணியம். நாற்பது கோடி 'பார்க்கலாம்' முடிவில்லாமல் தேங்கி நிற்க, அமைச்சர் முகம் சுளித்தார். அருளப்பன் மேடையேறினார். "பந்தியில் 'போதும் போதும்' என்பவன் இலையை மூடிவிடுகிறானா? மூன்று முறை தள்ளிப்போடுகிறவன் மறுக்கவில்லை, கூச்சப்படுகிறான். கூச்சத்தைக் களைவதே நம் கடமை!" பத்து நிமிடம் யாரும் திரையைத் தொடாவிட்டால்? மௌனம் சம்மதம். பொன்னாடைகள் குவிந்தன.

"ஆஸ்பத்திரிக்கு மட்டுமாவது 'இல்லை' இருக்கட்டுமே சார்" என்று யாழிசை என்ற இளநிலை எளிமையாளர் எழுந்து கேட்டபோது, "ஒரே விதி, எல்லா இடத்திலும். அதுக்குப் பேர்தான் வடிவமைப்பு. உட்காரு பாப்பா" என்றார். சபை சிரித்தது.

இப்போது திரையின் மூலையில் எட்டு நிமிடம் மிச்சமிருந்தது.

நேற்று மாலைதான் பிலோமினா அவர் விரலைப் பிடித்து அழுத்தினாள். டாக்டரும் பார்த்தார். அதைத் திரைக்குத் தெரிவிக்கத்தான் வழியில்லை. எழுதும் பெட்டி பயனரைக் களைப்பாக்குகிறது என்று அதையும் எடுத்திருந்தார்கள். எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டுமா?

"டாக்டரைக் கூப்பிடும்மா. அவர் சொன்னா இந்தக் கெடு நிக்காதா?"

"பொறி திரை பேச்சைத்தான் சார் கேக்கும். டாக்டர் பேச்சை யார் கேக்கறா?" எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அருளப்பன் யாழிசையைப் போனில் அழைத்தார். அவர் ஓய்வுபெற்ற நாற்காலியில் இப்போது அவள்தான் இருந்தாள்.

"மேடம்" என்றார். அந்தச் சொல் அவருக்கே புதிதாக இருந்தது. "ஒரே ஒரு பொத்தான் மேடம். 'இல்லை'ன்னு. என் வீட்டுக்காரிக்கு மட்டும். அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. உங்களால முடியும்."

மறுமுனையில் யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?"

"நேத்து விரலை அழுத்தினா."

"கேக்கவே சந்தோஷமா இருக்கு சார். ஒருத்தருக்குன்னு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க. வாரியத்துல வைக்கணும்." அவள் குரல் இறங்கியது. அதில் பகையில்லை, கேலியில்லை. யாரையும் நோகவிடக் கூடாது என்று பழகிய குரல். "பார்க்கலாம் சார்."

அருளப்பனுக்கு அர்த்தம் புரிய அதை மூன்று முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.