சுமையில்லாத ஓட்டம்

டிராயிங் மாஸ்டர் வீட்டுக் கூடத்தில் கடிகாரம் இல்லை. கடிகாரம் இல்லாத வீடுகள் எத்தனையோ உண்டு. ஆனால் இந்தச் சுவரில் ஆணி இருந்தது. ஆணிக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, சுவர் வட்டமாக வெளுத்திருந்தது. எதிர்ச்சுவரில் இன்னொரு வட்டம். சாப்பாட்டு மேசைக்கு மேலே சின்னதாக ஒன்று. எந்த இடத்துக்குப் போனாலும் எதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பது லிஃப்ட் மெக்கானிக்கின் பழக்கதோஷம்.

அவன் வந்தது கடிகாரத்துக்காக அல்ல, இதயத்துக்காக. அவனுடைய வால்வு ஒன்று கெட்டுவிட்டது, மாற்றியாக வேண்டும். செருப்புக் கடையில் ஜோடி ஜோடியாக எடுத்து வைப்பதுபோல சர்ஜன் இரண்டு வால்வுகளை மேசைமேல் வைத்து, எது வேண்டும் என்று அவனையே கேட்டுவிட்டார். ஒன்று மாட்டுத் திசுவில் செய்தது. சத்தம் போடாது, ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துபோகும், மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். இன்னொன்று மெக்கானிக்கல். ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் 'டிக்' என்று கேட்கும், ரத்தம் கட்டாமலிருக்க தினம் மாத்திரை போட வேண்டும். "மெக்கானிக்குக்கு மெக்கானிக்கல்தானே பொருத்தம்" என்று அவர் சொன்னதற்கு அவன் பல்லைக் காட்டி வைத்தான்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்றாள் மனைவி, வெளியே வந்ததும். "தேயாததையே போட்டுக்கங்க. இன்னொரு ஆபரேஷன்னு மறுபடி இந்த வராண்டாவுல உட்கார்ந்து கதவையே பாத்துட்டிருக்க என்னால முடியாது. செத்துருவேன்."

அவனுக்குச் சத்தம்தான் பயம். இருபது வருஷமாக மோட்டார் ரூமில் சத்தத்தோடு மல்லுக்கட்டியவன், அதை நெஞ்சுக்குள்ளும் குடிவைப்பதா? அவன் முழிப்பதைப் பார்த்து நர்ஸம்மாதான் வழி சொன்னாள். டிராயிங் மாஸ்டர் என்று ஒருவர், மெக்கானிக்கல் வால்வோடு வருஷக்கணக்காக நன்றாக இருக்கிறார், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றாள். போன் செய்தபோது மாஸ்டரின் மனைவி எடுத்தார். "வாங்க தம்பி, அவர் எங்கயும் போறதில்ல."

இப்போது அந்த அம்மாள் அவனுக்கும் அவன் மனைவிக்கும் எதிரே, மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதிய வெயில் கொளுத்தியது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மின்விசிறி ஓடவில்லை. பினாயில் நெடியும் ரோஜா சென்ட்டும் கலந்து அடித்தன. அந்த இரண்டுக்கும் அடியில், மூடி வைத்து மறந்துபோன பாத்திரத்தைத் திறந்தாற்போல் வேறொரு நாற்றம் மெதுவாக எழுந்து வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

"ஃபிரிட்ஜை அணைச்சு வெச்சிருக்கேன், அதான் வாசனை" என்றார் அந்த அம்மாள், கேட்காமலே. "அது உறுமிட்டே இருக்கா, அவர் சத்தம் சரியா கேக்க மாட்டேங்குது. கடிகாரமும் அப்படித்தான். எது அவர், எது கடிகாரம்னு குழம்பிருது. அதான் எல்லாத்தையும் கழட்டிட்டேன். இப்ப கேளுங்க."

மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். சாத்திய படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. டிக். டிக். டிக்.

மனைவியின் முகம் மலர்ந்தது. அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். "கேக்குதுங்க! எவ்வளவு சீரா ஓடுது பாருங்க."

"அதான்மா நிம்மதி" என்றார் அந்த அம்மாள் அவளிடம். "மத்தவங்க மாதிரி ராத்திரி மூக்குல விரல் வெச்சுப் பாக்க வேண்டியதில்ல. சத்தம் இருந்தா ஆள் இருக்கார். அவ்வளவுதான்."

"உள்ளே போய்ப் பார்க்கலாமா?" என்றான் அவன்.

"தூங்குறார். தம்பி மட்டும் போங்க. மெதுவா."

அறை இருட்டாக இருந்தது. கனத்த திரை. கட்டிலில் ஓர் உருவம், கழுத்துவரை போர்வை, முகம் சுவர்ப்பக்கம். இங்கே சென்ட் இல்லை, அந்த நாற்றம் மட்டும் இருந்தது. அவன் மூக்கைப் பொத்தியபடி நின்று, வேலையில் செய்வதுபோலக் கண்ணை மூடிக் கேட்டான். மோட்டாரில் கோளாறு என்றால் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். உள்ளே நடப்பதையெல்லாம் அது சொல்லிவிடும். ஆள் ஏறினால் சத்தம் கனக்கும், இறங்கினால் லேசாகும். கயிற்றைக் கழற்றிவிட்டுச் சோதனைக்கு ஓட்டும்போது மட்டும் அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. எதையும் தூக்காமல் சும்மா சுற்றும். சுமையில்லாத ஓட்டம்.

கட்டிலிலிருந்து அந்தச் சத்தம்தான் வந்தது.

"மாஸ்டர்" என்றான். குரலை உயர்த்தினான். தூங்குகிறவன் திடுக்கிட்டால் இதயம் ஓர் அடி தடுமாறும். இது தடுமாறவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த கையைத் தொட்டான். வெயில் கொளுத்தும் மதியத்தில், கிணற்றுக்கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"கை எப்பவும் சில்லுன்னுதான் இருக்கும்." அந்த அம்மாள் பின்னாலேயே நின்றிருந்தார். "மாத்திரை நேரம். கொஞ்சம் தள்ளிக்கங்க."

அவர் குனிந்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். முகத்தோடு சேர்ந்து உடம்பு முழுவதும், பலகையைப் புரட்டியதுபோல், திரும்பியது. வாய் திறந்திருந்தது. உள்ளே இளஞ்சிவப்பு மாத்திரைகள். நாக்கின் மேல், கடைவாயில், பல்லுக்கு வெளியே. கரையாதவை. உதட்டோரம் வழிந்து தலையணையில் கிடந்தவை. அந்த அம்மாள் புதிதாக ஒன்றை அவற்றின்மேல் வைத்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார்.

டிக். டிக். டிக்.

மனைவியை இழுத்துக்கொண்டு நாலு மாடியையும் படிவழியே இறங்கினான். தெருவுக்கு வந்துதான் மூச்சு வந்தது. "அந்த ஆள் செத்துட்டார். செத்து ரொம்ப நாளாச்சு."

"என்னங்க பேச்சு இது? நானே காதால கேட்டேனே!"

"வாயெல்லாம் மாத்திரை..."

"உங்களுக்குப் பயம். பயத்துல என்னவோ தெரிஞ்சிருக்கு." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். நர்ஸம்மா சிரித்தாள். "மாஸ்டருக்கா? நேத்துதானே அவர் வீட்டம்மா வந்து மாத்திரை வாங்கிட்டுப் போனாங்க. அவர் நல்லா இருக்காராம்."

மறுநாள் சர்ஜனிடம் போய், திசு வால்வு போதும் என்று கையெழுத்துப் போட்டான். மறுபடி நெஞ்சைத் திறந்தாலும் பரவாயில்லை. மனைவி அவனோடு பேசவில்லை. ஆபரேஷன் அன்று தள்ளுவண்டியோடு கூடவே நடந்து வந்தவள், கதவருகில் மட்டும் குனிந்து அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

கண் விழித்தபோது எங்கோ கடிகாரம் ஓடியது. பக்கத்தில், மிகப் பக்கத்தில்.

"திசு வால்வு பொருந்தல, உங்களுக்கு இடம் சின்னது" என்றார் சர்ஜன். "நடுவுல வெளிய வந்து உங்க வீட்டம்மாகிட்ட கேட்டோம். சம்மதிச்சாங்க."

மனைவி கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஈரக்குலை நடுங்கியது. கூடவே சத்தமும் தறிகெட்டு ஓடியது. அதுதான் அவனைத் தேற்றியது. பயந்தால் ஓடுகிறது, மூச்சை இழுத்தால் தயங்குகிறது. சுமை இருக்கிறது. ஆள் இருக்கிறான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். நாலு எட்டு நடந்தால் சத்தம் திணறும். திணறுவதைக் கேட்கவே நடப்பான். மனைவி சமையலறையில் பாத்திரம் உருட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். ராத்திரியெல்லாம் அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு தூங்கினாள். இவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கி அவன் பார்த்ததில்லை. அவளுக்காகவாவது இது இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தான்.

பிறகு ஒரு மதியம் கண் விழித்தான்.

அறை புழுங்கியது. மின்விசிறி நின்றிருந்தது. எதிர்ச்சுவரில் ஆணி இருந்தது. ஆணிக்குக் கீழே வெளுத்த வட்டம்.

அவளைக் கூப்பிட நினைத்தான். உதடு அசையவில்லை. விரலை அசைக்கப் பார்த்தான். முடியவில்லை. இமைகூட இறங்கவில்லை. பயம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது. இவ்வளவு பயத்தை அவன் அறிந்ததே இல்லை. இப்போது ஓடும். தறிகெட்டு ஓடும்.

டிக். டிக். டிக்.

ஓடவில்லை. கூடவில்லை. குறையவில்லை. எதையும் தூக்காமல்.

சமையலறையில் ஃபிரிட்ஜின் உறுமல் பட்டென்று நின்றது. பினாயில் நெடி வந்தது. காலடி. மனைவி கட்டிலில் உட்கார்ந்து, அவன் நெஞ்சில் காதை வைத்து, வெகுநேரம் கேட்டாள். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா ஓடுதுங்க" என்றாள். "வாயைத் திறங்க."

அவளே திறந்தாள். இளஞ்சிவப்பு மாத்திரையை நாக்கில் வைத்தாள். அது கரையவில்லை. பக்கத்தில் நேற்றையது இருந்தது.