கடைசி வண்டிக்காரர்

என் வீட்டுக்காரர் கோபாலன் மோட்டார் சைக்கிள் வாங்கி வந்த அன்று, மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. முந்நூற்றைம்பது சி.சி. குரூசர். முதுகை வளைக்காமல், காலை முன்னால் நீட்டிக்கொண்டு, மாமனார் வீட்டு சோபாவில் மாப்பிள்ளை உட்காருவது மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஐம்பதை நெருங்குகிற அரசு நிறுவன அதிகாரி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர், முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஊரையே ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் இல்லை.

வண்டியைத் தொடர்ந்து தோல் ஜாக்கெட், முழங்கால் கவசம், பூட்ஸ் எல்லாம் வந்தன. கடைசியில் ஒரு கூட்டமும் வந்தது. தில்லித் தமிழர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து 'சிங்கக் கூட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டு, ஞாயிறு விடிந்ததும் ஜி.டி. ரோட்டில் ஊருக்கு வெளியே முர்த்தல் வரை போவார்கள். அங்கே சாலையோரத் தாபாவில் வெண்ணெய் மிதக்கும் பராட்டாவைத் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். இதற்கு ரைடு என்று பெயர். பராட்டா எங்கள் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், அதுவும் சூடாக.

தலைவன் அபினவ். குர்கானில் ஏதோ கம்பெனி. தில்லியில் பிறந்து வளர்ந்தவன், தமிழில் ஒரு வரி நேராக வராது. ஆனால் கையில் 'வீரம்' என்று தமிழில் பச்சை குத்தியிருந்தான். அதை அவனால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும்.

இந்தக் கோமாளித்தனத்தில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு விதி. முன்னால் போகிறவன் வழி காட்டுவான். எல்லோருக்கும் பின்னால் வருகிறவருக்குக் கடைசி வண்டி என்று பெயர். அவர் யாரையும் முந்தக் கூடாது. யார் நின்றாலும் அவரும் நிற்க வேண்டும். வழியில் பிரிந்து போகிறவன் அவரிடம் கையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் அவர் அந்த ஆளுக்காகக் காத்திருப்பார். எல்லோரும் கணக்கில் வந்த பிறகுதான் அவர் வீடு திரும்பலாம்.

அந்த வேலை எப்போதும் மாணிக்கவாசகத்துக்குத்தான். வேலூர்ப் பக்கத்துக்காரர், விமானப்படையில் தளவாடக் கிடங்கில் இருந்தார், குளிர்காலம் முழுக்கக் கம்பளிக் கையுறையைக் கழற்றமாட்டார். மற்ற சிங்கங்களுக்கு அந்த இடம் வேண்டாம். கடைசியில் வருகிறவன் போட்டோவில் விழமாட்டான், வேறென்ன.

போன வருஷம் ஜனவரியில் ஒரு ஞாயிறு, முர்த்தல் போகும் வழியில், கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி நின்றிருந்த மாணிக்கவாசகத்தின் மேல் ஒரு லாரி ஏறிவிட்டது. இரங்கல் கூட்டத்தில் அபினவ், அவர் யாரிடமும் சொல்லாமல் டீ குடிக்க நின்றுவிட்டார், விதியை மீறினால் இப்படித்தான் என்று பேசினான். அவர் மனைவி ஜெயலட்சுமி முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு கோபாலன் வண்டியைத் தொடுவது குறைந்துவிட்டது. பேட்டரி வீக் என்பார், டயரில் காற்றில்லை என்பார். சிங்கம் சலித்துப்போயிற்று என்று நான் கேலி செய்தேன்.

இந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம் நான்தான் அவரை வலுக்கட்டாயமாகக் கிளப்பினேன். காலையில் கோவிலுக்குப் போக வேண்டும், பனியில் ஒரு டாக்ஸிகூட வர ஒப்புக்கொள்ளவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தேன். யமுனைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் வெள்ளையாக மூடிக்கொண்டது. ஆற்றின் சாக்கடை நாற்றம் மட்டும் அதே இடத்தில் இருந்தது.

வண்டியின் கண்ணாடியில் ஒரு விளக்கு தெரிந்தது.

மஞ்சள் விளக்கு, ஒற்றை விளக்கு. யாரோ பின்னால் வருகிறார்கள் என்று விட்டுவிட்டேன். எங்கள் இன்ஜின் தட்தட்டென்று போக, அதற்கு அரை மூச்சு பின்னால் இன்னொரு தட்தட். கோபாலன் வேகத்தைக் குறைத்தார். அதுவும் குறைத்தது. கார்கள் எங்களை முந்திக்கொண்டு போயின. அது மட்டும் முந்தவில்லை.

கோபாலன் ஓரமாக நிறுத்தினார். அதுவும் நின்றது.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவள். ஒளி எங்கிருந்து வருகிறதோ அங்கே ஒரு பொருள் இருக்க வேண்டும். இறங்கி, அந்த ஆளை நாலு வார்த்தை கேட்கலாம் என்று விளக்கை நோக்கி நடந்தேன். நனைந்த கம்பளிக் கையுறையின் வாசனை வந்தது.

நடந்தேன்.

விளக்கு கிட்டே வரவில்லை.

எவ்வளவு நடந்தும் அது அதே தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. திரும்பி ஓடி வந்தேன். கோபாலன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதுகொண்டிருந்தார்.

கோவிலுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கக்கினார். மாணிக்கவாசகம் செத்த அன்றைக்கு, பாதி வழியில், நரேலா திருப்பத்திலேயே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். லடாக்கே போய் வந்தவன் என்று கூட்டத்தில் அளந்துவிட்டிருந்தவர், இடுப்புவலி என்று எப்படிச் சொல்வார்? கை காட்டாமல் பனியில் நைசாகத் திரும்பி வீட்டுக்கு வந்து, போனை அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்துக்கொண்டார். மாணிக்கவாசகம் ஒரு ஆள் குறைகிறதே என்று அபினவுக்குப் போன் செய்திருக்கிறார். அபினவ், அங்கேயே நில், வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் பராட்டாவில் மறந்துபோனான். டீ கதையை இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது சுடுகாட்டு வாசலில். அன்றிலிருந்து வண்டியை எடுத்தால் அந்த விளக்கும் கிளம்பிவிடுகிறது.

எனக்குப் பயத்தைவிட அருவருப்புதான் அதிகமாக வந்தது. "அவ ஆம்படையான் டீக்கு ஆசைப்பட்டுச் செத்தான்னு ஊரே சொல்லிண்டிருக்கு. போய் நடந்ததைச் சொல்லுங்கோ. உங்களுக்குக் காத்துண்டு நின்னவர் அவர்."

"சொன்னா அவா என்னைப் பத்தி என்ன நினைப்பா, மாதங்கி?" என்றார்.

இந்த மனுஷனோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. வண்டியை விற்றார். ரோத்தக்கிலிருந்து ஒருவன் வந்து ஓட்டிக்கொண்டு போனான். பீடை ஒழிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு மேலே வந்து, இரண்டு கப் காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக் கீழே இறங்கியபோது காவலாளி என்னை நிறுத்தினார். உங்கள் சாரின் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, பெட்ரோல் வீணாகிறது மேடம், அணைக்கச் சொல்லுங்கள் என்று இந்தியில் சொன்னார். வண்டியைத்தான் விற்றாயிற்றே என்று சொல்ல வாயெடுத்தேன்.

பார்க்கிங்கில் எங்கள் இடம் காலியாக இருந்தது.

தட். தட். தட்.

குனிந்து தரையைத் தொட்டேன். ஜனவரிக் குளிரில் அந்தச் சிமெண்ட் தரை சுட்டது.

அது வண்டிக்காக வரவில்லை, இவருக்காக வருகிறது. கோபாலனிடம் சொன்னேன். போகிறேன், பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கல் கழிந்ததும் ஆபீஸில் ஆடிட் என்றார். ஜலதோஷம் என்றார். காலையில் சத்தம் கேட்டால் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டார். ஜெயலட்சுமி வீட்டுக்கு ஒரு ஆட்டோ பிடித்துப் போய் நாலு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முதுகெலும்பு வேண்டும். அவரிடம் இருந்தது இடுப்புவலி மட்டும்.

ஆனாலும் அவர் செத்துப்போவார் என்று எனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பினேன். ரஜாய்ப் போர்வைக்குள் முழுசாக மூடிக்கொண்டு படுத்திருந்தார். நான் ஜெயலட்சுமி வீட்டுக்குப் போகிறேன், கூட வருகிறீர்களா என்று கடைசியாகக் கேட்டேன். முகத்தைக் காட்டாமலே, "நீயே சொல்லிடேன்" என்றார்.

விமான நிலையத்தை ஒட்டி, பாலம் என்கிற பேட்டையில், ஒரு குறுகலான சந்தில் ஜெயலட்சுமியின் வீடு. என்னை உட்காரவைத்தாள். நடந்தது அத்தனையும் சொன்னேன். டீ கதை பொய் என்றேன், கை காட்டாமல் போனவர் என் வீட்டுக்காரர் என்றேன். அபினவின் பங்கையும் விடவில்லை. அவள் அழவில்லை. எழுந்துபோய் டீ போட்டு வந்து எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள்.

பிறகு இரண்டு டம்ளர்களைக் கொண்டுபோய் வாசற்படி ஓரம் வைத்தாள்.

யாருக்கு என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமைன்னா அவரு வருவாருக்கா," என்றாள் மெதுவாக. "உள்ள வரமாட்டாரு. இன்னும் ஒருத்தர் வரணும்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிடுவாரு. இன்னைக்கு அவரையும் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்காரு."

"யாரை?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, இரக்கம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

சந்தில் இன்ஜின் சத்தம் கேட்டது.

ஒன்று முன்னால்.

அரை மூச்சு தள்ளி இன்னொன்று.

இரண்டும் வாசலில் வந்து நின்றன. நனைந்த கம்பளி வாசனை அறைக்குள் நுழைந்தது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு குரல்.

"நான்தான்மா. சொல்லாம போனது நான்தான்."

என் வீட்டுக்காரரின் குரல்.

ஜெயலட்சுமி கதவைத் திறந்தாள். சந்தில் யாரும் இல்லை. பனி மட்டும் உள்ளே வந்தது. படி ஓரத்தில் இரண்டு டம்ளரும் காலியாக இருந்தன.

என் போன் அடித்தது. எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் மாமி. பால் வாங்க ஆளில்லையே என்று தட்டிப் பார்த்தாளாம், கதவு திறந்தே கிடந்ததாம். கோபாலன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், நீ உடனே வா என்றாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். ரஜாயை விலக்கியபோது அவர் காலில் பூட்ஸ் இருந்தது, ஈரமாக, அடியில் சேறு ஒட்டிக்கொண்டு. டாக்டர் அதைப் பார்த்தார். ரஜாயை மறுபடி இழுத்து மூடினார்.

நான் அழுதேன். வாய்விட்டு அழுதேன். உயிரோடு இருக்கும்போது ஆட்டோவில் போய்ச் சொல்ல முடியாததைச் சொல்ல இவ்வளவு தூரம் போனாரே என்று ஆத்திரமும் வந்தது. ஜெயலட்சுமி பத்தாம் நாள் வந்திருந்தாள். இப்போது அவர் வருவதில்லை என்றாள். நடந்ததை எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். டீக்காக ஒருவரும் இனி உச்சுக்கொட்டமாட்டார்கள்.

அபினவ் மட்டும் எல்லாம் பொய் என்று சாதித்தான். சோகத்தில் ஆன்ட்டிக்கு மூளை கலங்கிவிட்டது என்று கூட்டத்தில் சொன்னானாம். சொல்லட்டும்.

போன ஞாயிறு காலை பத்து மணி வாக்கில் அவனிடமிருந்து போன் வந்தது. முர்த்தலிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறானாம், தனியாக. குரல் கீச்சென்றிருந்தது.

"ஆன்ட்டி, பீச்சே, பின்னாடி, லைட் வருது. நான் நின்னா அதுவும் நிக்குது."

"ஒண்ணா?" என்று கேட்டேன்.

அவன் திரும்பிப் பார்த்து எண்ணியிருக்க வேண்டும்.

"ரெண்டு."

ஜெயலட்சுமி வீட்டு விலாசத்தைச் சொன்னேன். நேராக அங்கே போ, அன்றைக்கு நீ மாணிக்கவாசகத்திடம் போனில் என்ன சொன்னாய் என்பதை அவளிடம் சொல், இன்றைக்கே போ என்றேன். அச்சா ஆன்ட்டி, இன்னைக்குப் பயங்கர டிராஃபிக், அடுத்த சண்டே பக்கா போறேன் என்றான் அந்த வீரன். வண்டியை ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். அது எனக்குப் போனில் தெளிவாகக் கேட்டது.

அவன் இன்ஜின் நின்ற பிறகும், போனில் தட்தட் நிற்கவில்லை.